‘பாடு’ பட்ட பாடு

பஸ்ஸின் நெற்றியில் ‘அம்பத்தூர் ஓ.டி.’ என்று எழுதியிருப்பதை வெளியூர்க்காரர்கள் கொஞ்சம் முழித்துக்கொண்டுதான் படிப்பார்கள். ஓல்டு டவுன், அவ்வளவுதான். ஆனால் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவருக்கு ஓ.டி. என்றால் ஓவர்டைம். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருப்பவருக்கு ஆபரேஷன் தியேட்டர். ஆங்கில பைபிள் வைத்திருக்கும் பெரியவருக்குப் பழைய ஏற்பாடு. எழுத்து இரண்டுதான், அவரவர் பாட்டுக்கு ஒரு பொருள்.

இந்த ‘அவரவர் பாட்டுக்கு’ என்பதற்குள் உட்கார்ந்திருக்கும் சொல்லைப் பற்றித்தான் எழுத வந்தேன். அது என்னைப் பிடித்துக்கொண்டது ஒரு மாசி மாதத்தில், ஓ.டி. மார்க்கெட்டுக்குப் பக்கத்துச் சுவர் ஒன்றில். அங்கே இரண்டு நோட்டீஸ்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு ஒட்டியிருந்தன. ஒன்று ‘லெந்து காலச் சிறப்புக் கூட்டங்கள்’. பாடுகளின் வழியே ஜீவனும் மகிமையும் என்பது தலைப்பு. மற்றது ‘தவக்காலத் தியானம்’; திருப்பாடுகள் வழியாக வாழ்வும் மாட்சியும் என்பது தலைப்பு. சொல்ல வந்த செய்தி இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் காலத்தின் பெயர் வேறு, உயிருக்குப் பெயர் வேறு, பெருமைக்குப் பெயர் வேறு. ஒட்டியவர்கள் ஒருவரையொருவர் கலந்துகொள்ளவில்லை என்பது வெளிப்படை. அப்படியும் ஒரு சொல்லில் மட்டும் இருவரும் வந்து முட்டிக்கொண்டார்கள். பாடு.

சென்னையின் மேற்குப் பக்கத்துக் கிறிஸ்தவத் தமிழ் ஒரே ஊற்றிலிருந்து வந்ததல்ல. 1949-இல் டி.ஐ. சைக்கிள்ஸ் வந்தது, பிறகு டன்லப் வந்தது, 1964-இல் தொழிற்பேட்டை வந்தது, ஆவடியில் ராணுவத் தொழிற்சாலைகள் வந்தன. வேலைக்கு வந்தவர்கள் வேட்டி சட்டையோடு கூடவே தங்கள் ஊர்க் கோயில் தமிழையும் டிரங்குப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார்கள். திருநெல்வேலியிலிருந்து வந்தவர் ‘லெந்து’ என்றார். கத்தோலிக்கர் ‘தபசு காலம்’ என்றார். அவர் பிள்ளை ‘தவக்காலம்’ என்கிறது. கேரளத்திலிருந்து ஆவடிக்கு வந்த சிரியன் சபைக்காரர் ‘அம்பது நோம்பு’ என்றார். அம்பத்தூருக்கே ‘ஐம்பத்தூர்’ என்று மூலம் சொல்லும் ஒரு வழக்கு இருப்பதால், ஐம்பது நோன்பு இங்கே பொருந்தித்தான் போகிறது என்று ஒரு மலையாளி நண்பரிடம் விளையாட்டாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அவருக்கு அது மீன்குழம்புகூட இல்லாத ஏழாவது வாரம்.

லெந்துவை இரண்டு வரியில் முடித்துவிடலாம். ஆங்கில லெண்ட், பழைய ஆங்கிலத்தில் ‘லெங்க்டன்’. வசந்தம் என்று பொருள். குளிர்நாட்டில் பகல் நீளத் தொடங்கும் பருவம் என்பதால் நீளம் குறித்த வேரிலிருந்து வந்த பெயர். நோன்பு, தவம், துக்கம் எதுவும் அந்தச் சொல்லில் கிடையாது. லத்தீன்காரர்கள் ‘நாற்பதாவது’ என்று எண்ணைப் பெயராக வைத்தார்கள். போர்த்துக்கீசியரின் குவாரெஸ்மா, பிரெஞ்சுக்காரரின் கரேம் எல்லாம் அதன் பிள்ளைகள். காலண்டரில் எண்ணிப் பார்த்தால் சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின சனிவரை நாற்பத்தாறு நாள் வரும். இடையில் வரும் ஆறு ஞாயிறுகளைக் கழித்தால்தான் நாற்பது. சாம்பல் புதனுக்கும் இரண்டு பெயர் உண்டு. கத்தோலிக்கருக்கு அது திருநீற்றுப் புதன். 2025-இல் ரமலான் நோன்பு நம் ஊரில் மார்ச் 2-ஆம் தேதி தொடங்கியது, சாம்பல் புதன் 5-ஆம் தேதி வந்தது. அந்த மாதம் பூந்தமல்லிப் பக்கம் போனால் ‘நோன்பா?’ என்று கேட்பதற்கு முன் எந்த நோன்பு என்று யோசிக்க வேண்டியிருந்தது. கேட்கப்பட்ட சொல் ஒன்றுதான்.

கோயில் தமிழின் இந்தக் காலத்துச் சொற்களை வரிசையாக நிறுத்திப் பார்த்தால் துறைமுகத்தில் கப்பல்கள் நிற்பதுபோல் இருக்கும். சிலுவை, சிரியாக் மொழியிலிருந்து வந்தது. குருசு, போர்த்துக்கீசியக் குரூஸ். பாஸ்கா, அரமேயத்தில் புறப்பட்டு கிரேக்கம், லத்தீன் வழியாக வந்திறங்கியது. லெந்து ஆங்கிலம். ஜீவனும் மகிமையும் வடமொழி. 1578-இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்க’த்தில் அண்டிரிக்கி அடிகளார் போர்த்துக்கீசியச் சொற்களைத் தமிழுக்குள் இறக்கினார். அவருக்குப் பின் மதுரைக்கு வந்த தத்துவ போதகர், ராபர்ட் டி நொபிலி, வடமொழிச் சொற்களைக் கொண்டு ஒரு புதிய கட்டடமே எழுப்பினார். இந்த இரண்டு அலைக்கும் அசையாமல் நின்ற தமிழ்ச் சொல் பாடு. விசுவாசப் பிரமாணத்தில், பிலாத்துவின் பெயருக்குப் பக்கத்தில், கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் இன்றைக்கும் ஒரே சொல்லைத்தான் சொல்கிறார்கள்: பாடுபட்டு. பிலாத்துவின் பெயரில்கூட அவர்களுக்கு ஒற்றுமை இல்லை. ஒருவருக்குப் போஞ்சு, மற்றவருக்குப் பொந்தியு.

இனி சொல்லைப் பிரிப்போம்.

பள்ளிக்கூடத்தில் ‘முதனிலை திரிந்த தொழிற்பெயர்’ என்று ஒன்றை நெட்டுருப் போட்டிருப்பீர்கள். கெடு, கேடு ஆகும். சுடு, சூடு ஆகும். பெறு, பேறு. விடு, வீடு. படு, பாடு. முதலெழுத்து நீண்டால் வினை பெயராகிவிடும். தேர்வுக்குப் படித்ததோடு நாம் மறந்துவிட்ட இந்தச் சின்னப் பட்டியலில் ஒரு சமயமே இருக்கிறது. பட்டது பாடு, விட்டது வீடு, பெற்றது பேறு. சைவர்களும் வைணவர்களும் வீடு என்று முக்தியைச் சொன்னார்கள். மலைப்பொழிவில் வரும் ‘பாக்கியவான்க’ளைக் கத்தோலிக்க மொழிபெயர்ப்பு ‘பேறுபெற்றோர்’ ஆக்கியது. பாட்டைக் கிறிஸ்தவர்கள் சிலுவையடியில் வைத்தார்கள்.

படு என்பதன் குடும்பம் பெரியது. வழிபடு, வழிபாடு. ஈடுபடு, ஈடுபாடு. உடன்படு, உடன்பாடு, உடன்படிக்கை. கட்டுப்படு, கட்டுப்பாடு. ஏற்படு, ஏற்பாடு, பழையதும் புதியதுமான இரண்டு ஏற்பாடுகளும் இதற்குள் அடக்கம். ஆக ஒரு கிறிஸ்தவர் வழிபாட்டுக்குப் போய், புதிய ஏற்பாட்டைத் திறந்து, பாடுகளைத் தியானித்துவிட்டு, கட்டுப்பாட்டோடு வீடு திரும்பினால் நாள் முழுவதும் ஒரே வினைச்சொல்லின் கூரைக்குக் கீழேதான் இருந்திருக்கிறார். சாப்பாட்டை மட்டும் இதில் சேர்க்கக் கூடாது. அது சாப்பிடு என்பதிலிருந்து வந்தது, கூப்பிடு கூப்பாடு ஆனதுபோல. தவக்காலத்தில் சாப்பாடு விலகி நிற்பதற்கு இலக்கணத்தின் ஒப்புதலும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒலி ஒத்தால் உறவு சொல்லிவிடுவது இந்தப் பக்கத்தில் ஒரு தொற்றுநோய். ஆவடி என்பது ஆங்கிலத்தில் கவச வண்டிகளும் கிடங்கும் என்று பொருள்படும் சொற்களின் முதலெழுத்துகளைக் கோத்த பெயர் என்று எத்தனையோ பேர் சத்தியம் செய்வார்கள். டாங்கி செய்யும் தொழிற்சாலை வந்தது 1960-களில். முதல் விஜயந்தா டாங்கி வெளியே உருண்டது 1965-இல். காங்கிரஸ் கட்சி ‘சோஷலிச பாணி சமுதாயம்’ என்று தீர்மானம் போட்ட மாநாடு 1955 ஜனவரியிலேயே ஆவடியில், ஆவடி என்ற பெயரோடு நடந்து முடிந்துவிட்டது. ஊர் முந்தி, டாங்கி பிந்தி. அதேபோல, அம்பத்தூரை ஒட்டிப் பாடி என்று ஓர் ஊர் இருக்கிறது. சம்பந்தர் பாடிய திருவலிதாயம் அதுதான். பாடி, பாடு என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எழுதுகிற கைக்கு ஆசை வரத்தான் செய்யும். நோன்பு காலம் என்பதால் அந்த ஆசையை அடக்கிக்கொள்கிறேன்.

பாடு என்ற பெயர் கிறிஸ்துவின் துன்பத்துக்கு ஏன் அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியது? லத்தீனில் அதற்குப் ‘பாஸியோ’ என்று பெயர். ‘பாத்தி’ என்ற வினையிலிருந்து வந்தது. தன்மேல் வருவதை ஏற்றுக் கொள்ளுதல், உள்ளாதல் என்று பொருள். இதே வேரிலிருந்துதான் ஆங்கில இலக்கணத்தின் ‘பாஸிவ்’ பிறந்தது. தமிழில் அந்த இலக்கண வகைக்கு என்ன பெயர்? செயப்பாட்டு வினை. அங்கேயும் பாடுதான். கொல்லப்பட்டான், அறையப்பட்டார், அடக்கம் செய்யப்பட்டார். தன்மேல் பிறர் செய்ததைச் சொல்ல நமக்கும் ‘படு’ வேண்டியிருக்கிறது. ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத இரண்டு மொழிகள் சமயத்தின் பாட்டையும் இலக்கணத்தின் பாட்டையும் ஒரே வேரில் முளைக்க விட்டிருக்கின்றன. இதை முதலில் கவனித்த நாள் எனக்குத் தூக்கம் வரவில்லை. சொல் பைத்தியம் பிடித்தவர்களுக்கு இது புரியும்.

இதைப் பற்றி எழுதத் தகுதியான மனிதர் ஒருவர் திருநெல்வேலிச் சீமையில் இருந்தார். இடையன்குடியில் அரை நூற்றாண்டு போலத் தங்கிய ராபர்ட் கால்டுவெல். 1856-இல் வெளிவந்த அவருடைய ஒப்பிலக்கணத்தில் படு என்ற துணைவினையைப் பிடித்து உலுக்குகிறார். திராவிட மொழிகளுக்கு உண்மையான செயப்பாட்டு வினை இல்லை, ‘படு’ சேர்த்துச் செய்வது பேச்சு வழக்குக்கு ஒட்டாதது என்பது அவர் கட்சி. வீட்டுப் பேச்சில் ‘என்னால் சோறு உண்ணப்பட்டது’ என்று யாராவது சொன்னால் மருத்துவரிடம் அழைத்துப்போவோம். எனவே பாதிரியார் சொன்னது சரி. ஆனால் இலக்கணத்தில் ஒட்டாத இந்தப் படு உணர்ச்சியில் அட்டைபோல ஒட்டும். துக்கப்படுகிறோம், கவலைப்படுகிறோம், கோபப்படுகிறோம். அதோடு நிற்கவில்லை. சந்தோஷப்படுகிறோம், ஆசைப்படுகிறோம், பெருமைப்படுகிறோம். தமிழனுக்கு மகிழ்ச்சிகூடத் தானாகச் செய்வதில்லை. அவன்மேல் வந்து படுவது.

இந்த இடத்தில்தான் சுவரொட்டியின் தலைப்பு எனக்குத் திறந்தது. பாடு என்பதற்குத் துன்பம் என்று மட்டும் பொருள் கொள்வது பின்னாளில் வந்த சுருக்கம். ஓ.டி. மார்க்கெட்டில் ஒரு மளிகைக்கடை அண்ணாச்சியிடம் கேட்டுப் பாருங்கள். ‘கடை பாடு எப்படி அண்ணாச்சி?’ என்றால் ‘ஏதோ நம்ம பாடு ஓடுது சார்’ என்பார். பக்கத்துக் கடையைக் காட்டி ‘அவன் பாடு கொண்டாட்டம்’ என்பார். கொஞ்ச நாள் கழித்து அதே வாயால் ‘அவன் பாடு திண்டாட்டம்’ என்பார். பாடு என்பது ஒருவர்மேல் வந்து விழுந்த நிலை. அதன்மேல் கொண்டாட்டத்தையும் ஏற்றலாம், திண்டாட்டத்தையும் ஏற்றலாம்.

பழந்தமிழில் இது இன்னும் ஒரு படி மேலே ஏறியிருந்தது. திருக்குறளின் 409-ஆம் பாட்டை எடுங்கள். உயர்ந்த குடியில் பிறந்தும் கல்லாதவரையும், தாழ்ந்த குடியில் பிறந்தும் கற்றவரையும் தராசில் வைக்கிறார் வள்ளுவர். அந்தத் தராசில் நிறுக்கப்படும் சரக்கின் பெயர், குறளின் கடைசிச் சொல், ‘பாடு’. பரிமேலழகர் பொருள் சொல்கிறார்: பெருமை. துன்பம் அல்ல, வருத்தம் அல்ல, பெருமை. ஆங்கில வேதாகமம் குளோரி என்று சொல்லுமிடத்தில் வள்ளுவரிடம் கடன் கேட்டிருந்தால் அவர் எடுத்துக் கொடுக்கக்கூடிய சொற்களில் இதுவும் ஒன்றாக இருந்திருக்கும்.

இதைக் கையில் வைத்துக்கொண்டு வேதாகமத்துக்குப் போனால் வேடிக்கையாக இருக்கிறது. ஹென்றி பவர் தலைமையில் குழு உழைத்து 1871-இல் முழு நூலாக வந்த மொழிபெயர்ப்பில், ரோமர் நிருபத்தின் எட்டாம் அதிகாரம் பதினெட்டாம் வசனம் இக்காலத்துப் பாடுகளையும் வரப்போகும் மகிமையையும் ஒப்பிட்டு, ஒப்பிடவே தகாது என்கிறது. பேதுருவின் முதல் நிருபத்திலும் கிறிஸ்துவின் பாடுகளும் பின்வரும் மகிமைகளும் ஒரே வசனத்தில் வருகின்றன. மொழிபெயர்த்தவர்கள் நினைத்தது துன்பம் ஒரு தட்டு, பெருமை மறு தட்டு என்று. தமிழோ முதல் தட்டுச் சொல்லுக்குள்ளேயே இரண்டாம் தட்டைப் பழைய காலத்தில் ஒளித்து வைத்திருந்தது.

யோவான் எழுதிய சுவிசேஷம் படித்தவர்களுக்கு இது புதிதாக இராது. மற்ற மூன்று சுவிசேஷங்களும் சிலுவைக்குப் பிறகு மகிமை என்று நகர்கின்றன. யோவானுக்குச் சிலுவையில் உயர்த்தப்படுவதே மகிமைப்படுவது. இடையில் தாமதம் இல்லை. ‘மகிமைப்படு’ என்ற தமிழ் வினையைக் கவனியுங்கள். வடமொழி மகிமைக்குப் பின்னால் நம் படு வந்து நிற்கிறது. பாடுபடு, மகிமைப்படு. யோவான் கிரேக்கத்தில் பக்கம் பக்கமாகச் சொன்னதைத் தமிழ் ஒரு துணைவினையில் முடித்துக்கொண்டது.

மகிமையையும் மாட்சியையும் தொடாமல் போக முடியாது. மாண் என்பதிலிருந்து மாட்சி, காண் காட்சியாவதுபோல. மாண் என்றால் சிறத்தல். இதன் இறந்தகாலம் மாண்டார். மாள் என்ற வேறொரு வினை உண்டு, இறத்தல். அதன் இறந்தகாலமும் மாண்டார். குறள் 665-இல் வரும் ‘மாண்டார்’ சிறந்தோங்கியவர். தினத்தந்தியில் வரும் ‘மாண்டார்’ உயிர் நீத்தவர். வேர் இரண்டும் வேறு, தற்செயலாக ஓரிடத்தில் சந்தித்தவை. உறவு சொல்லக் கூடாது என்று ஆவடியை வைத்து உபதேசித்த நானே மீறக் கூடாது. ஆனாலும் பெரிய வெள்ளியன்று பிரசங்கம் செய்யப்போகும் தமிழ் போதகர் ஒருவர் ‘அவர் மாண்டார்’ என்று மட்டும் சொல்லிவிட்டு ஒரு நிமிடம் சும்மா நின்றால், அன்றைக்கு அதைவிடப் பெரிய பிரசங்கம் தேவையில்லை.

மகிமைக்குச் சந்தைத் தெருவில் ஒரு தம்பி உண்டு: மகமை. தென்மாவட்ட நாடார் வணிகர்கள் உறவின்முறைப் பொதுநிதிக்கு வருமானத்தில் ஒரு பங்கை எடுத்து வைப்பார்களே, அது. தன்னைப் பெருமைப்படுத்திக்கொள்வது என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள். அந்தப் பணத்தில் பேட்டைகள் எழுந்தன, பள்ளிக்கூடங்கள் எழுந்தன. கொடுத்துக் குறைவதால் வருகிற பெருமை. தவக்கால உண்டியல் பற்றி இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. எபிரேயத்தில் மகிமைக்குச் சொல் ‘காவோத்’. அடிப்படைப் பொருள் பாரம், எடை. நமக்குக் கனம் எடையாகவும் மரியாதையாகவும் இருக்கிறது. மந்திரிகளைக் ‘கனம்’ என்று அழைத்த காலம் நினைவிருக்கும். மாண்புமிகு வந்தபிறகு அவர்கள் எடை குறைந்ததா என்பது அரசியல் விமர்சகர்களின் பாடு.

உயிரைப் பற்றி ஒரு வார்த்தை. ஜீவன், வாழ்வு என்று இரண்டு நோட்டீஸ்களும் பிரிந்து நின்றாலும், ஈஸ்டர் காலையில் இருவருக்கும் தமிழ் உயிர் வேண்டியிருக்கிறது. ஒருவர் உயிர்த்தெழுதல் என்கிறார், மற்றவர் உயிர்ப்பு என்கிறார். உயிர்ப்பு என்பது மூச்சு. நெட்டுயிர்ப்பு என்றால் பெருமூச்சு. துயரத்தில் விடும் மூச்சுக்கும் கல்லறையிலிருந்து எழுந்த வாழ்வுக்கும் ஒரே பெயர்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றும் ஷிப்டு சங்கு கேட்டு வளர்ந்த ஊர்கள். தொழிலாளி என்பதற்கு நம் அரசியல் தமிழ் எடுத்துக்கொண்ட சொல் பாட்டாளி. பாட்டு பாடுகிறவர் அல்லர், பாட்டை ஆள்பவர். பாடு உழைப்பு என்றும் பொருள்படுவதால் வந்த சொல் இது. ‘பாடுபட்டுச் சம்பாதிச்ச காசு’ என்று சொல்லும்போது யாரும் சிலுவையை நினைப்பதில்லை. விசுவாசப் பிரமாணத்தில் பாடுபட்டு என்று சொல்லும்போது யாரும் எஸ்டேட்டை நினைப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை பாடுபட்டு என்று சொல்லிவிட்டுத் திங்கள்கிழமை பாடுபடப் போகிறவர்தான் இந்தப் பகுதியின் சபையார். டன்லப் தொழிற்சாலை பல ஆண்டு மூடியும் திறந்தும் கடைசியில் ஓய்ந்துபோனது. டன்லப் என்ற பஸ் நிறுத்தம் இருக்கிறது. அங்கே வேலை பார்த்த குடும்பங்கள் பட்ட பாட்டை நான் எழுத வேண்டியதில்லை; அந்த நிறுத்தத்தில் இறங்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

ஆவடியும் பூந்தமல்லியும் இருக்கும் இதே திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியில், பழவேற்காடு ஏரியில், பாடு வேறொரு தொழிலைச் செய்கிறது. எந்தக் குப்பத்துக்காரர் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டுக்கு அங்கே பாடு என்றே பெயர். நல்ல இடமும் கெட்ட இடமும் சுற்றிச் சுற்றி எல்லோருக்கும் வரும். இறால் அள்ளும் நாளும் பாடு, வெறும் வலை இழுக்கும் நாளும் பாடு. இதைக் கேள்விப்பட்ட பிறகு ‘என் பாடு’ என்ற சொல் என் வாயில் புலம்பலாக வருவது கொஞ்சம் குறைந்தது.

படு என்றால் மறைதல் என்றும் பொருள். ஞாயிறு பட்டது என்றால் சூரியன் சாய்ந்தது. மட்டக்களப்பில் வாவியின் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும் மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் அழைக்கிறார்கள். சூரியன் எழும் பக்கம், படும் பக்கம். பாடுபடுதலும் உயிர்த்தெழுதலும் அங்கே தண்ணீருக்கு இரண்டு பக்கமும் ஊர்ப்பெயராகக் கிடக்கின்றன. அந்தக் கணக்கில் கடலைக் கிழக்கே வைத்திருக்கும் சென்னைக்கு நாங்கள்தான் படுவான்கரை. தொல்காப்பியர் நெய்தல் நிலத்துக்குக் கொடுத்த சிறுபொழுது எற்பாடு: எல் என்ற ஒளி படும் வேளை, பிற்பகல் இரண்டு மணியிலிருந்து ஆறு வரை என்று பாடப் புத்தகங்கள் கணக்குச் சொல்லும். நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். பெரிய வெள்ளியன்று பன்னிரண்டு மணிக்குத் தொடங்கும் மும்மணி ஆராதனை, ஏழு வார்த்தைகளையும் தியானித்து, மூன்று மணிக்கு முடிகிறது. எற்பாடு தொடங்கி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். இரங்கலுக்கென்று தமிழ் ஒதுக்கிவைத்த வேளையில்தான் கதவைத் திறந்துகொண்டு சபை வெயிலுக்கு வருகிறது.

தவக்கால வெள்ளிகளில் பூந்தமல்லிப் பக்கத்துக்காரர்கள் பரங்கிமலைக்குப் போவதற்கு வழிகேட்க வேண்டியதில்லை. சாலையின் பெயரே மவுண்ட்–பூந்தமல்லி சாலை. மேலே, பலிபீடத்தில், 1547-இல் போர்த்துக்கீசியர் அங்கே தோண்டியபோது கிடைத்த கற்சிலுவை இருக்கிறது. சுற்றிலும் பாரசீகப் பகலவி எழுத்து. சிலுவையில் உடல் இல்லை, ஆணி இல்லை, முள்முடி இல்லை. கைகளின் நுனி மொட்டு விட்டிருக்கிறது. மேலே ஒரு புறா இறங்குகிறது. அதைச் செதுக்கிய கைக்குப் பாடு என்ற நம் சொல் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் 409-ஆம் குறளின் பொருளில்தான் செதுக்கியிருக்கிறது.

இப்போது என் வழக்கு. புதிய மொழிபெயர்ப்புகளில் பாடு மெல்ல மெல்லத் துன்பமாகிக்கொண்டு வருகிறது. 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் ரோமர் எட்டாம் அதிகாரத்தில் ‘பாடுகள்’ இல்லை. ‘படும் துன்பங்கள்’ என்று வினை மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இளைஞர்களுக்குப் புரிய வேண்டும் என்ற நல்லெண்ணம்தான் காரணம். துன்பம் புரியும், உண்மை. ஆனால் துன்பத்துக்குத் துன்பம் என்ற ஒரே பொருள்தான். அதில் உழைப்பு இல்லை, முறை இல்லை, சூரியன் சாய்வதில்லை, வள்ளுவர் சொன்ன பெருமை இல்லை. மாட்சி என்று போடுங்கள், மகிமை என்று போடுங்கள். அதற்காகச் சண்டை போட எனக்கு வயதில்லை. லெந்து என்றாலும் தவக்காலம் என்றாலும் மாசிப் பகல் நீளத்தான் போகிறது. அடுத்த ஆண்டு நோட்டீஸ் அடிக்கக் கொடுக்கும்போது, அம்பத்தூர் ஆனாலும் ஆவடி ஆனாலும், ‘பாடுகள்’ என்ற இடத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.